மோதிர விரல்

சித்திரை வெயிலில் என் வீணையின் மேளம் இளகிவிட்டது. வீணை வாசிப்பவர்கள் மேளம் என்று சொல்வது தண்டியின் இரு ஓரமும் கரைபோல ஓடும் மெழுகை. தேன்மெழுகும் கரித்தூளும் சேர்ந்த அந்தக் கறுப்புக் கரையின் மேல்தான் 24 மெட்டுகளும் உட்கார்ந்திருக்கின்றன. மேளம் போடுகிறவர் தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, வெண்கல மெட்டை இம்மி இம்மியாக நகர்த்தி, இதுதான் இடம் என்று தெரிந்ததும் மெழுகில் அழுத்திப் பதித்துவிடுவார். வெயில் ஏறினால் மெழுகு இளகும்; மெழுகு இளகினால் மெட்டு நகரும். அன்று காலை சங்கராபரணம் வாசிக்க உட்கார்ந்தேன். விரல் காந்தாரத்துக்குப் போயிற்று. காந்தாரம் அங்கே இல்லை.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணம். வண்டியின் பின் இருக்கை முழுவதையும் வீணைக்குக் கொடுத்துவிட்டு நான் முன்னால் உட்கார்ந்து போனேன். பத்து நாளில் மேளம் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். ஏழு வாரம் ஆயிற்று. ஒன்பது வயதில் சரளி வரிசை தொடங்கியவள் நான். அம்மை போட்டிருந்த நாட்களையும் இரண்டு பிரசவங்களையும் கழித்துவிட்டால், வீணையைத் தொடாமல் இவ்வளவு காலம் இருந்ததில்லை. காலையில் எழுந்ததும் கை அதுவாக எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடும். தந்தியில் விரல் வழுக்கி ஓடுவதற்காகத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய். கிண்ணத்தை எடுத்த பிறகுதான் கூடத்து மூலை காலியாக இருப்பது நினைவுக்கு வரும்.

மேல்வீட்டு அக்கா பாளையங்கோட்டைக்காரர். நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன டீச்சர், சத்தத்தையே காணோம்? மேலுக்குச் சொகமில்லையா?"

விவரத்தைச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் பூப்போட்ட துணிப்பை ஒன்றோடு வந்தார். "லீவுக்கு வந்த பேரன் விட்டுட்டுப் போயிட்டான். நாலு தந்திதான் இருக்கு. உங்களுக்குத் தந்தின்னா எல்லாம் ஒண்ணுதானே. கை சும்மா இருக்காதுல்லா."

பைக்குள் ஒரு உகுலேலே. நம் ஊரில் யூகலேலி என்பார்கள். ஹவாயில் சொல்வது உகுலேலே. கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் சொப்ரானோ அளவு. தந்தி ஒலிக்கும் நீளம் ஏறத்தாழ ஒன்றரைச் சாண், அவ்வளவுதான். என் வீணை நான்கு அடி, பலா மரம், குடத்தைத் தரையில் வைத்து, சுரைக்குடுக்கையைத் தொடையில் தாங்கி, சம்மணமிட்டு உட்கார்ந்த பிறகுதான் அதனோடு பேச முடியும். இதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். ஊஞ்சலில் உட்கார்ந்து வாசிக்கலாம், நின்றுகொண்டு வாசிக்கலாம், நடந்துகொண்டும் வாசிக்கலாம். தந்தியைத் தட்டியதும் மார்பெலும்பில் அதிர்ந்தது. இத்தனை வருடத்தில் வீணையின் அதிர்வைத் தொடையில் உணர்ந்திருக்கிறேன். நெஞ்சில் உணர்ந்ததில்லை.

ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது கார்ட். எல்லோரும் முதலில் சொல்லித்தரும் கார்ட் ஸி. மூன்று தந்திகளைத் திறந்தபடியே விட்டுவிடலாம். கடைசித் தந்தியின் மூன்றாவது மெட்டில் ஒரே ஒரு விரலை வைத்தால் போதும். ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். ஆனால் அந்த விரல் மோதிர விரலாக இருக்க வேண்டும். ஆள்காட்டியும் நடுவிரலும் அடுத்த கார்டுக்காகக் காத்திருக்க வேண்டியவை.

வீணையில் இடது கையின் அந்த இரண்டு விரல்தான் தந்தியின் மேல் நடக்கும். இரண்டு நுனியிலும் தந்தி அறுத்த கோடு கறுத்துக் கிடக்கிறது. அரிவாள்மணையில் பட்ட காயமா என்று கேட்டவர்கள் உண்டு. மோதிர விரலும் சுண்டுவிரலும் பின்னாலேயே போகும், வேலை செய்யாது. அன்று அந்த மூன்றாவது மெட்டில் மோதிர விரலை வைத்தபோது அது நடுங்கியது. அழுத்தம் போதாமல் தந்தி மங்கி, கட்டையில் தட்டுவதுபோல ஒலித்தது. நடுவிரல் உதவிக்கு ஓடி வந்தது. அதைத் தூக்கி அப்பால் வைத்தேன். மறுபடியும் வந்தது. ஒன்பது வயதுக்கு முன்னால் என் கை எப்படி இருந்திருக்கும் என்பதை நான் முற்றாக மறந்திருந்தேன். இந்த ஒரு விரல் மட்டும் அந்த வயதிலேயே நின்றிருக்கிறது. கற்றுக்கொண்ட கைக்குள் கற்றுக்கொள்ளாத விரல் ஒன்று இருந்ததை நினைத்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மற்றதெல்லாம் காதுக்குப் புரிந்தது. நான்கு தந்திகளையும் மேலிருந்து கீழே தொட்டுப் பார்த்தேன். ஸி என்பது நமக்கு ஒரு கட்டை. அதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நான்கும் ப, ச, க, த. முகத்துக்கு அருகே இருக்கும் முதல் தந்தி மந்தரமாகத்தான் இருக்கும் என்று கை எதிர்பார்க்கும். அதுவோ அடுத்த இரண்டையும்விட உயர்ந்து ஒலிக்கும் பஞ்சமம். முதலில் குழம்பினேன். பிறகு என் வீணையின் பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகள் நினைவுக்கு வந்தன. வாசிக்கும் தந்திகள் நான்கும் மெட்டுகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, சுண்டுவிரல் தட்டத் தட்ட ஓரத்தில் அசையாமல் ஒலிப்பவை அவை. உகுலேலேயின் உச்சத்துப் பஞ்சமமும் அந்தக் குடும்பம்தான். விரல் எந்தத் திசையில் ஓடினாலும் நடுவே ஒரு மணி ஒலிக்கிறது.

ப, ச, க, த. ரிஷபம் ஒன்றுதான் குறை. அதையும் சேர்த்தால் மோகனம். ரிஷபம் ஷட்ஜத் தந்தியின் இரண்டாவது மெட்டில் இருக்கிறது. மேல் ஷட்ஜம் கடைசித் தந்தியின் மூன்றாவது மெட்டில், ஸி கார்டுக்கு மோதிர விரல் நின்ற அதே இடத்தில். இரண்டே இரண்டு இடத்தில் விரல் வைத்து ஒரு ராகத்தின் ஆரோகணம் முழுவதும் வந்துவிடுகிறது. அன்று இரவு எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று கணக்கில்லை.

ஆனால் அது மோகனமாக இல்லை. ஸ்வரங்கள் சரியான இடத்தில் இருந்தன; ராகம் வரவில்லை. மோகனத்தின் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை, தைவதமும் அப்படித்தான். அசைவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெயர்ப்பலகை.

இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கின்றன; வாசிக்கும் தந்திகளில் முதலாவதான சாரணி உருக்கு. உருக்கை மெட்டின் மேல் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினாலே இறுக்கம் மளமளவென்று ஏறும். ஒரே மெட்டில் மூன்று நான்கு ஸ்வரங்களை எடுத்துவிடலாம். உகுலேலேயின் தந்தி நைலான் வகை. இழுத்தால் அது நீண்டு கொடுக்குமே தவிர இறுக்கம் அவ்வளவாக ஏறாது. எவ்வளவு தள்ளினாலும் அரை ஸ்வரம்கூடத் தேறவில்லை. இழுத்த ஒலியும் அதற்குள் போய்விடுகிறது. லேசான தந்தி, மெல்லிய பலகை, சிறிய உடல். தட்டிய வேகம் முழுவதையும் ஒரு நொடியில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு ஓய்கிறது. வீணையில் ஒரு மீட்டில் கிளம்பிய நாதத்தை இடது கை பிடித்துக்கொண்டு நாலைந்து ஸ்வரம் நடத்திப் போகும். இங்கே பிடிப்பதற்குள் நாதம் இல்லை.

நம் சங்கீதத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. வந்த வாத்தியத்தை நம் வீட்டுப் பிள்ளையாக்கிவிடுவது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். பிறகு வந்தவர்கள் அந்த வயலினைத் தரையில் உட்கார வைத்தார்கள். தலையைப் பாதத்தில் ஊன்றிப் பிடித்தார்கள். தந்திகளை ஷட்ஜ பஞ்சமமாகச் சேர்த்துக்கொண்டார்கள். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அதில் தேர்ந்தவர். சுவாதித் திருநாள் மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. என் தலைமுறை கண்ணெதிரே கண்டது மாண்டலின் ஸ்ரீநிவாஸை. இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தி சேர்த்து, மின்சாரம் கொடுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகமே வராது என்று நினைத்திருந்த வாத்தியத்தில் அவர் தோடி வாசித்தார். சிறுவனாக அவர் மேடையில் உட்கார்ந்திருந்த படத்தை எங்கள் பாட்டு வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். அந்த உரிமையும் அந்த அன்பும் நம்முடையவை. அவற்றில் எனக்குப் பெருமை உண்டு.

நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். உச்சத்துப் பஞ்சமத்தைக் கழற்றி மந்தரப் பஞ்சமம் போட்டேன். ச, ப, ச என்று சேர்க்க முயன்றேன். ஒரு தந்தி தொளதொளத்தது, இன்னொன்று அறுந்துபோயிற்று. மூன்று நாள் இந்த வேலை. மூன்றாம் நாள் இரவு அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். வீணை தஞ்சாவூரில் இருக்கிறது, திரும்பி வந்துவிடும். அதற்குள் இதை இன்னொரு வீணையாக்கி என்ன செய்யப் போகிறேன்? எனக்குத் தெரிந்ததை இதன் வாயில் புகட்டுவதற்குத்தான் இவ்வளவு பாடா? பழைய தந்திகளையே திரும்பக் கட்டினேன். ப, ச, க, த. அதன் வீட்டுக்கு நான் போவது என்று தீர்மானித்தேன்.

அதன் வீடு ஹவாய். ஆனால் பிறந்த வீடு மதேரா. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் போர்த்துக்கீசியருக்குச் சொந்தமான தீவு. கரும்புத் தோட்டத்தில் கூலி வேலைக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு அங்கிருந்து நானூறுக்கு மேற்பட்டவர்கள் ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஏறினார்கள். தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றி ஏறத்தாழ நான்கு மாதம் கடலில் கிடந்து, 1879 ஆகஸ்டில் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தார்கள். கரும்புக்காகக் கப்பலேறிய கதையைத் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மொரீஷியஸும் நேட்டாலும் பிஜியும் நம் உறவுக்காரர்களின் ஊர்கள். அந்தக் கப்பலில் மர வேலை தெரிந்த மூவர் இருந்தார்கள்: மானுவல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோஸே தோ எஸ்பிரிட்டோ சாண்டோ. தோட்ட வேலை முடிந்ததும் மூவரும் ஹொனலூலுவுக்கு வந்து பட்டறை போட்டார்கள். மதேராவின் மஷேட்டே என்ற நாலு தந்தி வாத்தியத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டு, ரஜாவ் என்ற ஐந்து தந்தி வாத்தியத்தின் சுருதிச் சேர்க்கையை அதற்குக் கொடுத்தார்கள். மரம் ஹவாயின் கோஆ. நம் வேல மரங்களுக்கு உறவான அந்த மரத்திலிருந்து உகுலேலே பிறந்தது.

கப்பல் வந்த இரண்டு வாரத்துக்குள், மதேராவிலிருந்து வந்தவர்கள் இரவுதோறும் தெருவில் பாடி வாசித்து மக்களை மகிழ்விக்கிறார்கள் என்று ஹொனலூலுப் பத்திரிகை எழுதியது. நான்கு மாதம் கப்பலில் கிடந்தவர்கள், மொழி தெரியாத ஊரில், இரவில் தெருவில் நின்று வாசித்திருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஹவாய்க்காரர்களின் காதைப் பற்றியும் யோசிக்கிறேன். அந்தக் காது ஏற்கெனவே தயாராகியிருந்தது. 1820இல் நியூ இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள் தேவாலயப் பாட்டுகளைப் பல குரல்களில் சேர்த்துப் பாடக் கற்றுத் தந்திருந்தார்கள். ஹவாய்க்காரர்கள் அதை ஹீமெனி என்று தங்கள் சொல்லாக்கித் தங்கள் குரலாலேயே பாடினார்கள். குரல்களில் இருந்த அந்தச் சேர்க்கையைக் கையில் பிடிக்க நாலு தந்தி கிடைத்ததும் விட மனம் வருமா?

உகு என்றால் தெள்ளுப்பூச்சி, லேலே என்றால் துள்ளுவது. தந்தியின் மேல் துள்ளும் விரல்களைப் பார்த்து வைத்த பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹவாயின் கடைசி அரசி லிலியுஓகலானி வேறு பொருள் சொன்னார்: இங்கே வந்துசேர்ந்த கொடை. அவர் தாமே பாட்டுகள் எழுதி இசையமைத்தவர். அவருடைய அண்ணன் காலாகவா மன்னர் உகுலேலேயைத் தம் அரண்மனைக்குள் கொண்டுவந்தார், தாமும் வாசித்தார். மிஷனரிகளின் செல்வாக்கால் பொதுவெளியிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஹூலா ஆட்டத்தை அரசவைக்கு மீட்டவரும் அவரே. 1886இல் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஹூலாவுக்குச் சுரைக்குடுக்கைத் தாளத்தோடு உகுலேலேயும் ஒலித்தது. ஏழு வருடம் கழித்து, 1893இல், அமெரிக்க வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து அரசியை இறக்கினார்கள். 1896இல் பள்ளிக்கூடங்களிலிருந்து ஹவாய் மொழி போயிற்று. பிள்ளைகள் தங்கள் மொழியை வகுப்பில் பேச முடியாமல் போன அந்தக் காலத்தில் பாட்டுகளில் மொழி இருந்தது. பாட்டுக்குக் கீழே உகுலேலே இருந்தது. பின்னாளில் உலகம் இதை விடுமுறைக் கடற்கரையின் விளையாட்டுச் சாமானாகப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு இந்த வரலாறு தெரியாது.

பாட்டுக்குக் கீழே என்று எழுதினேன். அங்கேதான் என் சிக்கலும் இருந்தது. எனக்குக் கீழே இருக்கத் தெரியாது. வீணை பாடும் வாத்தியம். சாகித்தியத்தின் எழுத்து விழும் இடத்தில்தான் மீட்டு விழ வேண்டும் என்று என் குரு சொல்லிச் சொல்லி வளர்த்தார். வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், வாசித்துக்கொண்டே பாடுவாராம். குரல் எது, தந்தி எது என்று பிரியாமல் இரண்டும் ஒரே வழியில் போகும். நான் அறிந்த உச்சம் அதுதான். இன்னொருவர் பாட, அவர் பாடாத ஸ்வரங்களை நான் ஒலித்து, அவர் பாட்டுக்கு நிற்க இடம் கொடுப்பது என்பதை நான் செய்ததே இல்லை.

ஹவாய்ப் பாடகர் இஸ்ரேல் காமகாவிவோஒலே 1988இல் ஓர் இரவு ஹொனலூலுவில் பதிவு செய்த பாட்டை, வானவில்லுக்கு அப்பால் என்ற அந்தப் பழைய ஹாலிவுட் பாட்டை, பலரும் கேட்டிருப்பீர்கள். பிரம்மாண்டமான உடம்பு, அதில் அடங்கிக் கிடந்த சின்ன உகுலேலே. ஒரு குரல், நாலு தந்தி, வேறெதுவும் கிடையாது. எத்தனையோ முறை அதைக் கேட்டிருக்கிறேன், குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். அந்த வாரத்தில்தான் தந்தியைக் கேட்டேன். கை ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கிறது. குரல் தாமதிக்கிறது, தாவுகிறது, மூச்சு வாங்குகிறது. தந்தி அவசரப்படவில்லை. ஜேக் ஷிமாபுகுரோ போன்ற உகுலேலேக் கலைஞர்கள் அதே நாலு தந்தியில் தனியாகவே ஒரு கச்சேரி நடத்திவிடுவார்கள். எனக்கு அது வியப்பு. குரலுக்குக் கீழே அவசரப்படாமல் நிற்கும் இந்தக் கை எனக்கு அதைவிடத் தேவையாக இருந்தது.

மூன்று கார்ட் கற்றுக்கொண்டேன். ஸியில் ப, ச, க, மேல் ச. எஃப்பில் த, ச, ம, த. ஜி செவனில் ப, ரி, ம, நி. எழுதி வைத்துப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. மூன்றையும் சேர்த்தால் ஏழு ஸ்வரமும் வந்துவிட்டது. 29ஆவது மேளகர்த்தா ராகம், தீரசங்கராபரணம். வாசிக்க உட்கார்ந்தபோது இடம் நகர்ந்து போயிருந்த என் காந்தாரம் இங்கே முதல் கார்டிலேயே உட்கார்ந்திருந்தது.

உடனே நினைவுக்கு வந்தது நொட்டுஸ்வரம். முத்துசுவாமி தீட்சிதர் வீணைக்காரர். சென்னைக் கோட்டையின் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார். ஏறத்தாழ 40 உருப்படிகள், எல்லாம் சங்கராபரணம். இங்கிலாந்தின் தேசிய கீதத்து மெட்டும் அதில் ஒன்று. கமகம் இல்லாமல், நேர் நேராக நிற்கும் ஸ்வரங்கள். சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் எளிய பாட்டுகள் என்றுதான் நானும் வைத்திருந்தேன். மூன்று கார்டை வைத்துக்கொண்டு ஒன்றைப் பாடிப் பார்த்தேன். என் குரலும் கையும் முதல்முறையாக வேறு வேறு வழியில் போயின. குரல் மத்யமத்தில் இருக்கிறது, கை அதற்குக் கீழே தைவதத்தையும் ஷட்ஜத்தையும் பரப்புகிறது. நின்ற இடத்திலேயே அந்த மத்யமத்துக்கு அகலம் வந்தது. கமகத்தில் ஊறிய மகாவித்வான் ஒருவர் கமகமில்லாத மெட்டைக் கேட்டு, அதைத் திருத்தாமல், அது இருந்தபடியே ஏற்றுக்கொண்டிருக்கிறார். இருநூறு வருடத்துக்கு முன்னால் அவர் காது போன இடத்துக்கு நான் இப்போதுதான் போகிறேன்.

அக்கா தினமும் சாயங்காலம் வந்தார். பேரனின் பொருள் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வந்தவர், நான்காம் நாள் கார்டின் மேல் தாமாகவே முனகத் தொடங்கினார். தென்னிந்தியத் திருச்சபை வீடுகளில் பாட்டுப் புத்தகம் இரண்டு இருக்கும். பாமாலை என்பது மேல்நாட்டு ஞானப்பாட்டுகளை அதே மெட்டில் தமிழாக்கியது. கீர்த்தனை என்பது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் நம் ராகங்களில் பாடி வைத்தது. கீர்த்தனைகளுக்கு என் வீணை இருக்கிறது. பாமாலைப் பாட்டுக்கு உகுலேலே சட்டென்று பொருந்தியது. மிஷனரிப் பாட்டு ஒன்று கடல் கடந்து ஹவாய்க்குப் போயிற்று. அதே பாட்டு மரபு இன்னொரு கப்பலில் பாளையங்கோட்டைக்கும் வந்தது. அங்கே ஹீமெனிக்குக் கீழே நின்ற வாத்தியம் இங்கே பாமாலைக்குக் கீழே நிற்பதில் என்ன வியப்பு?

ஆனால் அக்காவுக்கு ஒரு கட்டை எட்டவில்லை. இரண்டு கட்டைக்கு ஏறிவிடுவார். பழக்கத்தில் "சுருதி அக்கா, சுருதி" என்றேன். அவர் நிறுத்திவிட்டார். "எனக்கு இதுதான் வரும் டீச்சர்." வகுப்பில் 25 வருடமாக இந்தச் சொல்லைச் சொல்லிவருகிறேன். பிள்ளைகளும் சுருதிக்கு வந்துவிடுவார்கள். எழுபது வயதுத் தொண்டை வராது. வீணையாக இருந்தால் ஏழு தந்தியையும் திரும்பச் சேர்க்க வேண்டும். இதில் கையின் உருவத்தை மாற்றினால் போதும். டி, ஜி, ஏ செவன். ஏ செவனுக்கு ஒரே விரல். அன்றிரவு அந்த மூன்றையும் பழகினேன். மறுநாள் அவர் பாடத் தொடங்கியதும் இரண்டு கட்டையில் சேர்ந்துகொண்டேன். கண்ணை மூடிப் பாடினார். வரியின் முடிவில் இழுப்பார், எங்கே மூச்சு வருமோ அங்கே நிறுத்துவார். தொடையில் தாளம் போட்டு வளர்ந்த எனக்கு அந்த இடைவெளி பதற்றம் தந்தது. கை முந்திக்கொண்டு அடுத்த கார்டுக்கு ஓடியது. குரல் வரவில்லை. நான் தனியாக நின்றேன்.

அவர் மூச்சை எடுத்து முடிக்கும் வரை இருக்கும் கார்டிலேயே கையை வைத்துக்கொண்டிருக்கப் பழக ஒரு மாதம் ஆயிற்று. நாதம் உடனே அடங்கிவிடும் வாத்தியமாக இருந்தது அதற்கு உதவியது. ஒலித்த ஒலி குரலுக்கு வழிவிட்டு விலகிவிடுகிறது. வேண்டுமானால் மறுபடி தட்டலாம். வீணையின் நீண்ட நாதம் இங்கே இருந்திருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு வாசிக்கப் போயிருப்பேன். ஆள்காட்டி விரலின் நகம் கீழே இறங்கி, சதை மேலே ஏறி, கை ஊஞ்சலைப்போலப் போய்வந்தது. மேல்நோக்கிய அசைவை வீணையில் சுண்டுவிரல் மட்டும், தாளத் தந்திகளுக்காக மட்டும் செய்யும். அந்தக் கடைசி விரலின் வேலை இங்கே கைக்கே வேலையாக இருந்தது.

ஒருநாள் பாட்டு முடிந்ததும் அக்கா சொன்னார்: "ஆஸ்பத்திரில ராத்திரி டூட்டில நோயாளிகளுக்கு மெதுவாப் பாடுவேன் டீச்சர். யாரும் கூட வாசிச்சதில்ல." வேறெதுவும் சொல்லவில்லை. எழுந்து மாடிப்படி ஏறிப் போனார்.

ஆனியில் வீணை வந்தது. புது மெழுகின் வாசனை வீடு முழுவதும் பரவியது. சாரணியை மீட்டிக் காந்தாரத்துக்குப் போனேன். இருந்தது. அசைத்தேன், அசைந்தது. ஏழு வாரம் பூட்டியிருந்த மோகனம் ஒரே இழுப்பில் வந்து நின்றபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. என் வாத்தியம் இதுதான், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் காது ஓரத்துக்குப் போனது. தாளத் தந்திகளை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருடமாகத் தட்டிவந்தும், தட்டியாகிவிட்டது என்பதைத் தவிர அவற்றைக் கவனித்ததில்லை. மூன்றையும் இன்னொரு முறை சுருதி சேர்த்தேன்.

அந்த வாரம் வகுப்பில் புதுப்பெண் ஒருத்தி வர்ணத்தைப் பாடிக் காட்டினாள். வழக்கமாக அவளோடு ஸ்வரத்துக்கு ஸ்வரம் வாசித்துக்கொண்டே போவேன். எங்கே அவள் சறுக்குவாள் என்பது எனக்கு முன்னாலேயே தெரியும், கை அங்கே போய்த் தாங்கிவிடும். அன்று தாளத் தந்திகளை மட்டும் தட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். சறுக்கினாள். என்னைப் பார்த்தாள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். திரும்பப் போய்ச் சரியான இடத்தைப் பிடித்தாள்.

மோதிர விரலின் நுனியில் இப்போது சின்னதாக ஒரு தடிப்பு. மற்ற இரண்டு விரலின் கறுத்த கோட்டுக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை, தடவினால்தான் தெரியும். உகுலேலேயை அடுத்த லீவுக்குப் பேரன் வந்ததும் கொடுத்துவிட வேண்டும். எனக்கென்று ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் அக்கா வந்தார். கூடத்து மூலையில் வீணையையும் ஊஞ்சலில் கிடந்த துணிப்பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னைக்கு எது டீச்சர், பெரிசா சின்னதா?"

"நீங்க பாடுங்கக்கா," என்றேன். "கேட்டுட்டு எடுக்கிறேன்."